உரிம வாசகம் எங்கே சிதைந்தது? – திறமூல மென்பொருளில் ஒரு மூலபாடத் தேடல்

கைப்பேசியில் 'செட்டிங்ஸ்' பகுதிக்குள் நுழைந்து, 'அபவுட் போன்' என்பதைத் தொட்டு, அதற்குள் 'லீகல் இன்ஃபர்மேஷன்' என்று இறங்கிப் பாருங்கள். தள்ளத் தள்ள முடியாமல் நீளும் ஓர் ஆங்கில வாசகம் வரும். தொலைக்காட்சிப் பெட்டியிலும், வீட்டில் இன்டர்நெட் கொடுக்கும் சின்னப் பெட்டியிலும், புதிய கார்களின் திரையிலும் இதே போன்ற பகுதி உண்டு. அதை யாரும் படிப்பதில்லை. படிக்கிறவர்கள் இரண்டே ரகம்: ஒன்று வக்கீல்கள், இன்னொன்று, என்னைப் போல மென்பொருளைக் கட்டி அனுப்பும் வேலையில் இருப்பவர்கள்.

அந்த வாசகத்துக்கு உரிமம், அதாவது லைசென்ஸ் என்று பெயர். அது சில சமயம் சிதைந்து போகிறது. மேற்கோள் குறி காணாமல் போகும். ஒரு மனிதரின் பெயர் புரியாத குறிகளின் குவியலாகும். ஒரு தொகையே மாறிவிடும். அந்தச் சிதைவு எந்த இடத்தில் நேர்ந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி, அதற்காக மெனக்கெடுவது ஏன் என்பதைக் கணினித் துறையில் இல்லாத வாசகர்களுக்கும் விளங்கும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாசகமே விலை

திறமூல மென்பொருள் என்பது, எழுதியவர் அதன் மூல வரிகளை எல்லோருக்கும் திறந்து வைத்துவிட்ட மென்பொருள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் குனு திட்டத்தை அறிவித்தார். அதற்காக எழுந்த ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்தின் முதல் பதிப்பு 1989-இலும், இரண்டாம் பதிப்பு 1991 ஜூனிலும், மூன்றாம் பதிப்பு 2007 ஜூனிலும் வந்தன. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து பி.எஸ்.டி. உரிமம் வந்தது. இன்னும் எத்தனையோ உரிமங்கள் இருக்கின்றன.

பி.எஸ்.டி. உரிமம் கேட்பது கொஞ்சம்தான். மூல வரிகளைக் கொடுத்தால் என் பெயரையும் இந்த நிபந்தனைகளையும் அப்படியே வைத்துக் கொடு. ஓடும் வடிவத்தில் கொடுத்தால் கூட வரும் கையேட்டிலாவது இந்த வாசகத்தை அச்சிடு. 'உள்ளது உள்ளபடி தருகிறேன், இதனால் நஷ்டம் வந்தால் என்னைக் கேட்காதே' என்ற பொறுப்புத் துறப்பும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஜி.பி.எல். இன்னும் கறார். உரிமத்தின் பிரதி ஒன்றை நிரலோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். அந்த உரிமப் பத்திரத்தை அட்சரம் பிசகாமல் நகலெடுக்கலாம், மாற்றக் கூடாது என்று அதன் தலைப்பிலேயே எழுதியிருக்கிறது. இரண்டாம் பதிப்பின்படி, நிபந்தனையை மீறினால் அந்த உரிமம் தந்த உரிமைகள் தானாகவே முடிந்துபோகும்.

ஆக, காசு வாங்காமல் உழைப்பைக் கொடுத்தவர் கேட்கும் கூலி இந்த வாசகம் மட்டுமே. இது வெறும் மரியாதை விஷயமல்ல என்பதை 2008 ஆகஸ்டில் ஓர் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஜேக்கப்சன் – கேட்சர் வழக்கு என்று அதைச் சொல்வார்கள். பொம்மை ரயில்களை இயக்கும் ஒரு திறமூல மென்பொருளிலிருந்து சில கோப்புகளை இன்னொருவர் எடுத்துக்கொண்டார். அதில் எழுதியவர்களின் பெயரும் காப்புரிமைக் குறிப்பும் இல்லை. இலவசமாகக் கொடுத்ததற்கு நஷ்டம் என்ன என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த நிபந்தனைகளை மீறுவது காப்புரிமை மீறலாகவே கருதப்படலாம் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. பொம்மை ரயில் வழக்கு என்று சிரித்தவர்கள்கூட அதன் பிறகு தங்கள் உரிமத் தொகுப்பை எடுத்துப் புரட்டினார்கள்.

பில்ட் என்னும் ஆலை

மூல வரிகளை ஓடும் மென்பொருளாக மாற்றும் வேலைக்கு 'பில்ட்' என்று பெயர். நெல்லைப் போட்டு அரிசி எடுக்கும் ஆலை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு புறம் நூற்றுக்கணக்கான மூலத் தொகுப்புகள் உள்ளே போகும். மறுபுறம் ஒரே கோப்பாக மென்பொருளும், அதோடு எல்லா உரிமங்களையும் திரட்டிய ஒரு தொகுப்பும் வெளியே வரும்.

உரிம வாசகம் வரும் வழி நீளமானது. எழுதியவர் வெளியிட்ட மூட்டை, அதை வாங்கித் தன் தொகுப்பில் சேர்த்த லினக்ஸ் வெளியீட்டாளர், அவரிடமிருந்து எடுத்துத் தன் சிப்புக்கு ஏற்றபடி மாற்றிய சிப் தயாரிப்பாளர், அவரிடம் வாங்கிய நம் நிறுவனத்தின் களஞ்சியம், பில்டின் நடுவே உருவாகும் தற்காலிகக் கோப்புகள், கடைசியில் வாடிக்கையாளர் கைக்குப் போகும் தொகுப்பு என ஆறு நிலையங்களையாவது அது கடந்து வருகிறது.

மனிதர் கையால் நகலெடுத்த காலத்தில் கண் அசந்தால் பிழை வரும். இங்கே நகலெடுப்பது இயந்திரம், அது அசருவதில்லை. அப்படியானால் பிழை எப்படி வருகிறது? வழியில் இருக்கும் கருவிகள் வாசகத்தை வாசகமாகப் பார்ப்பதில்லை. சில குறிகளைத் தங்களுக்கு இடப்பட்ட கட்டளைகளாக எடுத்துக்கொள்கின்றன. வம்பு அங்கேதான் ஆரம்பம்.

பல் தடம்

கடித்தது எலியா அணிலா என்பதைப் பழத்தில் பதிந்த பல் தடத்தைப் பார்த்துத் தோட்டக்காரர் சொல்லிவிடுவார். கருவிகளுக்கும் அப்படித் தனித்தனிப் பல் தடம் உண்டு. பி.எஸ்.டி. உரிமத்தின் பழைய வாசகத்தில் 'உள்ளது உள்ளபடி' என்பதற்கான 'ஆஸ் ஈஸ்' என்ற ஆங்கிலச் சொற்கள் ``ஆஸ் ஈஸ்'' என்று அச்சாகியிருக்கும். தொடக்கத்தில் இடப்பக்கம் சாய்ந்த குறி இரண்டு. முடிவில் நேரான ஒற்றைக் குறி இரண்டு. இந்த ஒரு துண்டு போதும், பாதித் துப்பு கிடைத்துவிடும்.

ஷெல் ஸ்கிரிப்ட் என்பது கணினிக்கு வரிசையாகக் கட்டளை கொடுக்கும் கோப்பு. அதில் 'இங்கிருந்து இதுவரை உள்ளதை எழுது' என்று சொல்லும் பகுதிக்கு ஹியர்-டாக் என்று பெயர். அந்தப் பகுதியில், இரண்டு சாய்ந்த குறிகளுக்கு நடுவே இருப்பதை ஷெல் ஒரு கட்டளையாக நினைத்து ஓட்டிப் பார்க்கும். நடுவில் ஒன்றும் இல்லாவிட்டால் விடையும் ஒன்றுமில்லை. எனவே தொடக்கக் குறிகள் இரண்டும் மாயமாகி, ஆஸ் ஈஸ்'' என்று வால் மட்டும் மிஞ்சும்.

அதே துண்டு எம்4 என்ற பழைய கருவியின் வழியே போனால் தலையில் ஒன்று, வாலில் ஒன்று என்று சரிசமமாகப் போய் `ஆஸ் ஈஸ்' என்று வரும். அந்தக் கருவிக்கு அவை சொந்த மேற்கோள் குறிகள். ஓர் அடுக்கை உரித்துவிடும். ஆட்டோகான்ஃப் என்ற கருவியோ எம்4-ஐப் பயன்படுத்தினாலும் சதுர அடைப்புகளை மேற்கோளாக வைத்துக்கொண்டது. அப்பாச்சி உரிமத்தின் இறுதியில் வருடமும் உரிமையாளர் பெயரும் நிரப்ப வேண்டிய இடங்கள் சதுர அடைப்புக்குள் இருக்கும். அதன் வழியே போனால் அடைப்புகள் காணாமல் போய், சொற்கள் மட்டும் அநாதையாக நிற்கும்.

வலைப்பக்க மொழியான எச்.டி.எம்.எல்.-இல் கூர் அடைப்புக்குள் இருப்பதெல்லாம் கட்டளை. ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பின் பின்னிணைப்பில் வருடம், ஆசிரியர் பெயர் ஆகியவற்றுக்கான இடங்கள் கூர் அடைப்புக்குள் உள்ளன. அப்படியே வலைப்பக்கத்தில் போட்டால் 'காப்புரிமை' என்ற சொல்லுக்குப் பிறகு வெற்றிடம்தான் தெரியும்.

சி மொழியின் ப்ரீப்ராசஸர் இன்னும் வேடிக்கை. லினக்ஸ் கணினியில் ஜி.சி.சி. தொகுப்பியின் வழக்கமான அமைப்பில், சிறிய எழுத்தில் எழுதிய 'யூனிக்ஸ்', 'லினக்ஸ்' என்ற சொற்களுக்கு 1 என்று மதிப்பு. ஆகவே அதன் வழியே போன வாசகத்தில் அந்தச் சொற்கள் இருந்த இடத்தில் 1 என்ற எண் உட்கார்ந்திருக்கும். கையேடு அச்சிடும் ராஃப் கருவிக்குப் புள்ளியிலோ ஒற்றை மேற்கோளிலோ தொடங்கும் வரி ஒரு கட்டளை. புரியாத கட்டளை என்றால் அந்த வரியையே விழுங்கிவிடும். ஆவணம் எழுதும் மென்பொருள்களோ, பிறை அடைப்புக்குள் ஆங்கில 'சி' வந்தால் உதவி செய்வதாக நினைத்துக் காப்புரிமைக் குறியாக மாற்றிவிடும். அப்பாச்சி உரிமத்தின் நான்காம் பிரிவில் ஏ, பி, சி, டி என்று நான்கு உட்பிரிவுகள் உண்டு. மூன்றாவது உட்பிரிவு காப்புரிமைக் குறியோடு தொடங்கினால், யாரோ அதை ஆவண மென்பொருளில் திறந்து ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒரு தேடல்

சில வருஷங்களுக்கு முன் புனேயில் நான் வேலை பார்த்த நிறுவனம் வீட்டு இன்டர்நெட் பெட்டிக்கான மென்பொருளைக் கட்டிக் கொடுத்தது. அனுப்பும் தேதி நெருங்கும்போது வெளிநாட்டு வாடிக்கையாளரின் வக்கீல் எங்கள் உரிமத் தொகுப்பைத் திருப்பி அனுப்பினார். பதினான்கு இடங்களில் பொறுப்புத் துறப்பில் தொடக்க மேற்கோள் இல்லை. ஓர் இடத்தில் ஆசிரியரின் பெயர் படிக்க முடியவில்லை. இவ்வளவுதான் புகார்.

எங்கள் குழுவில் திருநெல்வேலிப் பெண் ஒருத்தி இருந்தாள். பட்டியலைப் பார்த்ததும் கேட்டாள்: "சார், கடைசி ஃபைல்லயே கையால திருத்திடலாமா? பதினஞ்சு எடம்தான். அரை மணி நேரம் ஆகும்."

"திருத்தலாம்மா. அடுத்த பில்ட் ஓடினா திரும்பவும் வந்துடுமே. அதோட, வக்கீல் கண்ணுக்குத் தெரிஞ்சது பதினஞ்சு. தெரியாதது எத்தனைன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

தேடும் முறை எளிது. ஒவ்வொரு நிலையத்திலும் அந்த வாசகத்தின் பிரதியை எடுத்துச் செக்சம் போட வேண்டும். கோப்பு முழுவதையும் ஒரு கணக்கில் போட்டு எடுக்கும் ஒரு சிறு எண்தான் செக்சம். ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். ஆறு நிலையங்களையும் வரிசையாகப் பார்க்கத் தேவையில்லை. நடுவில் ஒன்றைப் பார்; அங்கே நன்றாக இருந்தால் சிதைவு அதற்குப் பிறகு; கெட்டிருந்தால் அதற்கு முன். மீதியை மறுபடி பாதியாக்கு. மூன்று தடவை பார்த்தால் இடம் தெரிந்துவிடும்.

எழுதியவரின் மூட்டையில் வாசகம் சரியாக இருந்தது. எங்கள் களஞ்சியத்திலும் மூலக் கோப்பின் தலைப்பில் சரியாகவே இருந்தது. பில்டின் நடுவே பிறந்த தற்காலிகக் கோப்பில் கெட்டிருந்தது. ஆக, குற்றம் இந்த இரண்டுக்கும் இடையே. ஆனால் ஒரு குழப்பம். அதே வழியில் வந்த முப்பத்தொரு வாசகங்களில் பதினான்குதான் கெட்டிருந்தன. மீதி பதினேழு ஏன் பிழைத்தன?

இங்கேதான் பல் தடம் கை கொடுத்தது. வால் மட்டும் மிஞ்சிய ஆஸ் ஈஸ்'' என்ற உருவம் ஷெல்லின் கைவரிசை. தேடியபோது, தனி உரிமக் கோப்பு இல்லாத தொகுப்புகளுக்காக, என்றோ வேலையை விட்டுப் போன ஒருவர் எழுதி வைத்த ஸ்கிரிப்ட் கிடைத்தது. முப்பத்தொரு வாசகங்களையும் ஹியர்-டாக் பகுதியில் ஒட்டியிருந்தார். பிழைத்த பதினேழிலும் சாதாரண இரட்டை மேற்கோள் இருந்ததால் ஷெல் அவற்றைத் தொடவில்லை. மருந்தும் சின்னதுதான். அந்தப் பகுதியின் எல்லைச் சொல்லை மேற்கோளுக்குள் வைத்துவிட்டால், ஷெல் உள்ளே எதையும் விளக்கம் பார்க்காமல் அப்படியே எழுதும். இரண்டே குறிகள்.

அதைச் சேர்த்து மறுபடி பில்ட் ஓட்டி, பழைய தொகுப்பையும் புதியதையும் வரிக்கு வரி ஒப்பிட்டோம். பதினான்கு வித்தியாசம் வர வேண்டும், பதினைந்து வந்தது. பதினைந்தாவது, பிழைத்துவிட்டது என்று நாங்கள் நினைத்த பதினேழில் ஒன்று. சிப்போடு வந்த ஒரு துணைக் கோப்பின் உரிமம் அது. நஷ்ட ஈட்டின் உச்சவரம்பு டாலர் குறியோடு 50 என்று அதில் இருந்தது. ஷெல்லுக்கு டாலர் குறி என்றால் மாறியின் பெயர். டாலர் குறியையும் 5-ஐயும் சேர்த்து ஐந்தாவது மாறி என்று எடுத்துக்கொண்டது, அது காலியாக இருந்ததால் ஒன்றும் எழுதவில்லை, மிஞ்சியது 0. ஐம்பது டாலர் என்பது பூஜ்யமாக அச்சாகியிருந்தது. வக்கீல் கண்ணில்கூட அது படவில்லை, ஏனென்றால் பார்வைக்கு அது பிழை போலவே தெரியாது.

கடைசிக் கோப்பைக் கையால் திருத்தியிருந்தால் அந்தப் பூஜ்யம் அப்படியே வாடிக்கையாளரின் வீடுகளுக்குப் போயிருக்கும். நுனியில் திருத்தினால் கண்ணுக்குத் தெரிந்த பிழை மட்டும் போகும்; வேரில் திருத்தினால் தெரியாததும் சேர்ந்து போகும். அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு நான் வேறு பாடம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பெயர் சிதைந்த கதை

மிச்சம் இருந்தது படிக்க முடியாத பெயர். அதில் ஓர் எழுத்து, தலையில் இரண்டு புள்ளி வைத்த 'யு'. ஜெர்மன் பெயர்களில் வரும். இதைப் புரிந்துகொள்ள எழுத்துக்குறியேற்றம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கணினிக்கு எழுத்து தெரியாது. 0 முதல் 255 வரையுள்ள எண்கள்தான் தெரியும். அந்த எண்ணுக்குப் பைட் என்று பெயர். ஐரோப்பாவில் வழங்கிய லத்தீன்-1 என்ற பழைய முறையில் அந்த 'யு' ஒரே பைட். இன்று உலகமெங்கும் வழங்கும் யு.டி.எஃப்.-8 முறையில் இரண்டு பைட். யு.டி.எஃப்.-8-இல் இருக்கும் கோப்பை லத்தீன்-1 என்று தவறாக நினைத்து மறுபடி மாற்றினால், அந்த இரண்டு பைட்டும் இரண்டு தனி எழுத்துகளாகி நான்கு பைட் ஆகும். இன்னொரு முறை மாற்றினால் எட்டு. ஒவ்வொரு தவறான மாற்றமும் இரட்டிப்பாக்கும். பைட்டுகளை எண்ணினால், எத்தனை முறை தவறு நடந்தது என்று சொல்லிவிடலாம். இது அழிவு அல்ல, மூடி மறைப்பு. ஒவ்வொரு உறையாகக் கழற்றினால் உள்ளே எழுத்து பத்திரமாக இருக்கும். எழுத்து கேள்விக்குறியாக மாறியிருந்தால்தான் கதை முடிந்தது. அதிலிருந்து பழைய எழுத்தை மீட்க வழி கிடையாது. மூலத்துக்கே போக வேண்டும்.

எங்கள் தொகுப்பில் எட்டு பைட் இருந்தது. இரண்டு தவறுகள். சிப் தயாரிப்பாளர் அனுப்பிய மூட்டையிலேயே நான்கு பைட் இருந்தது. அப்படியானால் ஒரு தவறு வெளியே, ஒரு தவறு எங்கள் பில்டில். எல்லாக் கோப்புகளையும் கண்ணை மூடிக்கொண்டு லத்தீன்-1-இலிருந்து மாற்றும் ஒரு படி எங்களிடம் இருந்தது. ஏற்கனவே யு.டி.எஃப்.-8-இல் இருப்பதைத் தொடாதே என்று அந்தப் படியை மாற்றினோம். அவர்களுடைய பகுதிக்கு அவர்களுக்கே எழுதினோம். அடுத்த வெளியீட்டில் பெயர் சரியாக வந்தது.

இந்த இடத்தில் தமிழ் வாசகர்களுக்கு ஒரு தகவல். தமிழின் ஒவ்வொரு குறியும் யு.டி.எஃப்.-8-இல் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. இதை லத்தீன்-1 என்று தவறாகப் படித்தால் 224 என்பது தலையில் சாய்கோடு போட்ட 'ஏ'; 174 என்பது வட்டத்துக்குள் 'ஆர்', அதாவது பதிவு செய்த வணிகச் சின்னத்தின் குறி. மின்னஞ்சலில் ஊர்க்கடிதம் வந்து, திறந்தால் வட்டம் வட்டமாகத் தெரிந்ததே, அதற்குக் காரணம் இதுதான். நம் 'ன' எழுத்தின் மூன்றாவது பைட் 169. லத்தீன்-1-இல் அது காப்புரிமைக் குறி! முருகன், கண்ணன், மணியன் என்று தமிழில் பெயர் எழுதினால், சிதையும்போது ஒவ்வொரு 'ன'வும் ஒரு வணிகச் சின்னக் குறியும் ஒரு காப்புரிமைக் குறியுமாக விரியும். காப்புரிமைக் குறியைத் தேடி எடுத்து உரிமப் பட்டியல் போடும் கருவியின் முன் இப்படி ஒரு பெயர் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். உரிமையாளரின் பெயரிலேயே உரிமைக் குறி முளைத்து நிற்கும். உரிமையாளர் யார் என்றுதான் தெரியாது.

மாற்றம் வேறு, சிதைவு வேறு

இரண்டு பிரதிகள் ஒத்துப்போகவில்லை என்றாலே ஒன்று கெட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பையே எடுத்துக்கொள்வோம். அதை வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் முகவரி சில பிரதிகளில் கேம்பிரிட்ஜ் நகரின் மாசசூசெட்ஸ் அவென்யூ; சிலவற்றில் பாஸ்டனின் டெம்பிள் பிளேஸ்; சிலவற்றில் பிராங்க்ளின் தெரு. அந்த அலுவலகத்தையும் 2024-இல் மூடிவிட்டார்கள். இறுதிப் பத்தியில் துணை உரிமத்தின் பெயர் சில பிரதிகளில் 'லைப்ரரி' என்றும், சிலவற்றில் 'லெஸ்ஸர்' என்றும் இருக்கும். 1999-இல் அந்த உரிமத்தின் பெயர் மாறியதே காரணம். பி.எஸ்.டி. உரிமத்தில் விளம்பரம் பற்றிய ஒரு நிபந்தனையைப் பெர்க்லி 1999 ஜூலை 22 அன்று கைவிட்டது. அதற்கு முந்திய பிரதிகளில் அது இருக்கும். இவையெல்லாம் சிதைவு அல்ல; ஒரு பிரதி எந்தக் காலத்தில் கிளை பிரிந்தது என்று காட்டும் அடையாளங்கள்.

சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த நம் முன்னோருக்கு இந்த வேலை புதிதல்ல. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும்போது பல ஊர்ச் சுவடிகளைத் தேடி ஒப்பிட்டார். பாடபேதங்களை எடைபோடுவதே பதிப்பாசிரியரின் உயிர் வேலை. இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், இரண்டும் ஒரே தாய் ஏட்டிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது மூலபாட ஆய்வின் அடிப்படை. உரிமக் கோப்பிலும் அதே கணக்குதான். சரியாக இருக்கும் பிரதிகள் தங்கள் தாயைக் காட்டிக் கொடுப்பதில்லை. ஒரே மாதிரி கெட்ட பிரதிகள்தான் காட்டிக் கொடுக்கும்.

எங்கே திருத்துவது?

சரியான விடை: பிழை பிறந்த இடத்தில். பெடோரா லினக்ஸ் தொகுப்பாளர்களின் வழக்கம் இதற்கு நல்ல உதாரணம். பழைய முகவரியோடு உரிமம் இருந்தால் அவர்களுடைய சோதனைக் கருவி எச்சரிக்கும். ஆனாலும் உரிமக் கோப்பைத் தாங்களே திருத்துவதில்லை. மூல ஆசிரியருக்குத் தெரிவித்து அவரையே திருத்தச் சொல்வார்கள். அடுத்தவர் கையெழுத்திட்ட பத்திரத்தில் நாம் பேனா வைக்கலாமா? அதே நியாயம்தான்.

காவலும் வலுத்திருக்கிறது. சிறு கருவிகளுக்கான லினக்ஸைக் கட்டும் யோக்டோ திட்டத்தில், ஒவ்வொரு தொகுப்பின் உரிம வாசகத்துக்கும் செக்சம் எழுதி வைக்க வேண்டும்; ஓர் எழுத்து மாறினாலும், வந்து பார் என்று சத்தம் போடும். எஸ்.பி.டி.எக்ஸ். என்ற பொது முறை உரிமங்களுக்குச் சுருக்கப் பெயர் கொடுத்தது. 2021-இல் அது சர்வதேசத் தரமாகவும் ஆனது. லினக்ஸ் கருநிரலில் உரிமக் குறிப்பே இல்லாமல் கிடந்த பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகளின் தலையில் 2017 நவம்பரில் அந்த ஒற்றை வரியைச் சேர்த்தார்கள். பத்தி பத்தியாக நகலெடுப்பதைவிட ஒரு வரி சிதைவது அபூர்வம். ஆனால் சுருக்கப் பெயர் உரிமத்தின் பெயர் மட்டுமே. முழு வாசகத்தையும் எழுதியவர் பெயரையும் பயனாளிக்குக் கொடுக்கும் கடமை அப்படியேதான் இருக்கிறது.

நம் சங்கக் குடும்பங்களில் எத்தனையோ பிள்ளைகள் இந்தத் துறையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூன்று வார்த்தை. உரிம வாசகத்தை ஸ்கிரிப்டுக்குள் ஒட்டாதீர்கள். தனிக் கோப்பாக வைத்துப் பைட்டுக்குப் பைட் நகலெடுங்கள். உள்ளே போன வாசகமும் வெளியே வந்த வாசகமும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு பில்டிலும் செக்சம் பாருங்கள். திறமூலத்துக்கு நீங்கள் எதையாவது எழுதிக் கொடுத்தால், உங்கள் பெயரைத் தமிழிலும் ஒரு முறை எழுதி, கோப்பை யு.டி.எஃப்.-8-இல் சேமியுங்கள். அந்தப் பெயர் யாரோ ஒருவர் வீட்டு இன்டர்நெட் பெட்டியின் உரிமத் தொகுப்பில் வட்டம் வட்டமாக வந்து நின்றால், எந்த நிலையத்தில் கெட்டது என்று தேடிப் போக இப்போது உங்களுக்கு வழி தெரியும்.